ரெண்டு பேருக்கு ஒரு கூண்டு

மனைவி: இதுவா? செருப்பு டப்பா மாதிரி இருக்கு!

கணவர்: ரெண்டுக்கு இது தாராளம்.

மனைவி: தாராளமா? நம்ம வீட்டுத் தலகாணி ஒண்ணு நுழையாது இதுல.

கணவர்: அங்க இந்த அளவுல நாலு இருக்கும்.

மனைவி: அங்க, அங்க, அங்க... எதுக்கெடுத்தாலும் லேப். இது வீடுங்க. அதுங்க கால் நீட்டிப் படுக்க வேணாமா?

கணவர்: மெதுவாப் பேசு. கடைக்காரர் பாக்கறாரு.

மனைவி: பாக்கட்டும். அவர் கூண்டு விக்கத்தானே கடை வெச்சிருக்காரு. நாம என்னமோ திருட வந்த மாதிரி... சரி, சரி. வாய் தவறி வந்துடுச்சு.

கணவர்: திருட்டுதானே. வேற என்ன பேரு அதுக்கு?

மனைவி: போதும். நாலு நாளா இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. சோதனை முடிஞ்சுது, கினி பிக் பன்னெண்டையும் கொன்னுடுன்னு உத்தரவு. நீங்க பத்தை முடிச்சீங்க. ரெண்டை சாப்பாட்டுப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தீங்க. அவ்வளவுதானே?

கணவர்: அவ்வளவுதான்னு சொல்லிட்டியா? வெளிய தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?

மனைவி: தெரியும். வேலை போயிடும். ரிட்டயராக இன்னும் மூணு வருஷந்தான் இருக்கு.

கணவர்: வேலை கிடக்கட்டும். ஆளை அனுப்பி அதுங்களைத் திரும்ப வாங்கிட்டுப் போவாங்க. கேஸ் விட்டுக் கொல்ற அந்தப் பெட்டியை யாராவது திறப்பாங்க. நான் பண்ணாததை வேற ஒருத்தன் பண்ணுவான்.

மனைவி: விட்டாத்தானே? என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ள வரட்டும் பாக்கலாம்.

கணவர்: அடேயப்பா! முதல் நாள் யாரு, "சீ, எலியைக் கொண்டாந்துட்டீங்களே"ன்னு நாற்காலி மேல ஏறி நின்னது?

மனைவி: அது அன்னிக்கு. இப்ப குண்டம்மா என் குரலைக் கேட்டாலே ஓடி வர்றா.

கணவர்: பேரெல்லாம் வைக்காதே.

மனைவி: அப்புறம்? உங்களை மாதிரி நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டுன்னு கூப்பிடணுமா?

கணவர்: அங்க பேரு வைக்க மாட்டோம். பேரு வெச்சா வேலை பாக்க முடியாது.

மனைவி: ...சரி, அந்த மாடி வெச்சது எப்படி? ஏணியெல்லாம் அழகா இருக்கே.

கணவர்: அதுங்க ஏறாது. விழுந்தா முதுகு போயிடும். உயரம் எதுக்கு? தரைதான் அகலமா வேணும். ஓடணும்.

மனைவி: இது? அகலமாத்தான் இருக்கு. கம்பித் தரை, கழுவவும் சுலபம்.

கணவர்: கம்பி வேணாம். பாதம் புண்ணாயிடும்.

மனைவி: அப்ப அங்க?

கணவர்: அங்க கம்பிதான். இந்த டேப்பைப் பிடி. அந்த மூலையில வை.

மனைவி: எந்த இடத்துல வைக்கறதுன்னு முதல்ல சொல்லுங்க. அடுப்படில புகை. பால்கனில வெயில். ஹால்ல நம்ம டிவி சத்தம்...

கணவர்: டிவியைக் குறைச்சு வைப்போம். ஹால்லதான் இருக்கணும். ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் அதுங்க... திரும்பாதே.

மனைவி: என்ன?

கணவர்: திரும்பாதேன்னு சொன்னேன். வாசல்ல... டாக்டரம்மா.

மனைவி: எந்த டாக்டரம்மா?

கணவர்: எங்க லேப் கால்நடை டாக்டர். எத்தனை முடிச்சோம்னு ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடறவங்க.

மனைவி: ஐயையோ! வாங்க, அந்தப் பக்கமா நைசாப் போயிடலாம்.

கணவர்: பாத்துட்டாங்க. நல்லாக் கேட்டுக்கோ. அவங்களுக்குத் தெரிஞ்சா மேல எழுதித்தான் ஆகணும், அது அவங்க வேலை. தெரியாம இருக்கறதுதான் அவங்களுக்கும் நல்லது. நீ வாயே திறக்காதே.

டாக்டரம்மா: அண்ணா! நீங்களா? லீவு போட்டுட்டு உடம்பு சரியில்லேன்னு சொன்னாங்க.

கணவர்: இப்ப பரவாயில்ல மேடம். இது என் வீட்டுக்காரி.

டாக்டரம்மா: வணக்கம் அக்கா. கூண்டு வாங்கவா வந்தீங்க?

கணவர்: தங்கச்சி பொண்ணுக்கு மேடம். முயல் ஒண்ணு...

மனைவி: கிளி!

டாக்டரம்மா: முயலா, கிளியா?

மனைவி: ரெண்டும். அந்தப் பொண்ணுக்கு ரொம்ப ஆசை.

டாக்டரம்மா: ஓ.

கணவர்: நீங்க மேடம்?

டாக்டரம்மா: நானா... பக்கத்து வீட்டுக் குழந்தை தண்ணி பாட்டில் கேட்டுச்சு. கூண்டுல தொங்க விடறது. அண்ணா, கிளிக்கு எதுக்குத் தரையை அளக்கறீங்க?

கணவர்: முயலுக்கு...

டாக்டரம்மா: இதுல முயல் நிமிந்து உக்கார முடியாதே.

கணவர்: குட்டி முயல்.

டாக்டரம்மா: அண்ணா.

கணவர்: சொல்லுங்க மேடம்.

டாக்டரம்மா: வெள்ளிக்கிழமை அந்த மஞ்சப் பையை நான் தூக்கிப் பாத்தேன்.

மனைவி: எந்தப் பை?

டாக்டரம்மா: முடிச்சதையெல்லாம் ஒரே பையில போட்டுக் கட்டணும் அக்கா. எரிக்க அனுப்பறதுக்கு. பன்னெண்டுன்னா எவ்வளவு கனம் இருக்கும்னு எனக்குத் தெரியும்.

மனைவி: அம்மா, இவருமேல தப்பு இல்ல. நான்தான் கேட்டேன். ஒரு சோடி கொண்டாங்க, வீட்டுல பொழுது போகலேன்னு நான்தான் உயிரை எடுத்தேன்.

கணவர்: பொய் சொல்றா மேடம். இவளுக்கு எதுவும் தெரியாது. நான்தான் பண்ணேன். எழுதிக் குடுக்கறதுன்னா என் பேரை மட்டும் எழுதுங்க. அதுங்களை மட்டும்... மேடம், அதுங்க நல்லா இருக்கு. எந்த நோயும் இல்ல. மருந்தே போடாத கூட்டம். சும்மா ஒப்பிட்டுப் பாக்க வெச்சது.

டாக்டரம்மா: எனக்குத் தெரியாதா அண்ணா?

மனைவி: காலைப் பிடிச்சுக் கேக்கறேம்மா...

டாக்டரம்மா: ஐயோ, எழுந்திருங்க அக்கா! என்ன இது! நான் அன்னிக்கே பன்னெண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

மனைவி: பன்னெண்டுன்னா?

டாக்டரம்மா: ஆமா. இனிமே யாராவது கேட்டா அவர் வேலையோட என் வேலையும் சேந்து போகும்.

கணவர்: ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க? நீங்க சின்ன வயசு. இன்னும் எவ்வளவோ இருக்கு உங்களுக்கு.

டாக்டரம்மா: அதை விடுங்க. இருபத்தாறு வருஷமாப் பண்றீங்க. ஒரு நாளும் கை பின்வாங்கினதில்ல. இந்தத் தடவை ஏன் பத்தோட நின்னீங்க?

மனைவி: அதைக் கேளுங்கம்மா. நானும் நாலு நாளாக் கேக்கறேன், வாயே திறக்க மாட்டேங்கறாரு.

கணவர்: சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல.

டாக்டரம்மா: சொல்லுங்க அண்ணா.

கணவர்: ...அன்னிக்குக் காலையில வழக்கமாக் கொண்டு போற தள்ளுவண்டி ரிப்பேரு. சக்கரம் கழண்டு கிடந்துச்சு. சரின்னு தீனி வண்டியைத் தள்ளிட்டுப் போனேன்.

டாக்டரம்மா: கேரட், புல்லு கொண்டு போற வண்டியா?

கணவர்: அதேதான். அதுல ஒரு சக்கரம் கிறீச்சுன்னு கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டா அதுங்களுக்குத் தீனி வருதுன்னு அர்த்தம். நான் கதவைத் திறக்கறேன், பன்னெண்டும் கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு விசிலடிக்குது.

மனைவி: ஐயோ...

கணவர்: ஒவ்வொண்ணா எடுத்தேன். எடுக்க எடுக்கச் சத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மூணு இருந்தப்ப மூணு விசில். அப்புறம் ரெண்டு. அந்த ரெண்டும் நிறுத்தல மேடம். நான் கையைக் கிட்டக் கொண்டு போறேன், மோந்து பாக்குது. கேரட் எங்கேன்னு விரலை நக்குது. பெருசா மனசு இளகிட்டேன்னு நினைக்காதீங்க. அந்தச் சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தா பன்னெண்டையும் முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன். அதை நினைச்சாத்தான் என்மேலயே எனக்கு வெறுப்பா இருக்கு.

மனைவி: இதையா மனசுல வெச்சுக்கிட்டு நாலு நாளா சோத்தைத் தள்ளித் தள்ளி வெச்சீங்க? என்கிட்ட சொன்னா என்ன?

கணவர்: சொல்லி? உன் தூக்கத்தையும் கெடுக்கணுமா?

மனைவி: பக்கத்துல ஒரு மனுசன் புரண்டு புரண்டு படுத்தா மட்டும் தூக்கம் வருமா?

டாக்டரம்மா: அண்ணா, அந்தக் கூண்டைக் கீழ வைங்க. அது சின்னது.

கணவர்: ரெண்டுக்குப் போதும் மேடம்.

டாக்டரம்மா: மூணுக்குப் போதாது.

மனைவி: மூணா?

டாக்டரம்மா: பக்கத்து வீட்டுல குழந்தையே கிடையாது அக்கா.

மனைவி: அப்ப அந்தத் தண்ணி பாட்டில்...

டாக்டரம்மா: என் வீட்டுக்கு. ஒண்ணு இருக்கு. பழுப்பும் வெள்ளையுமா. ஒரு வருஷமாத் தனியாவே இருக்கு. இப்ப ஒரு வாரமா மூலையைப் பாத்தே உக்காந்திருக்கு. தீனியைத் தொடல. அதுங்களைத் தனியா வைக்கவே கூடாதுன்னு எல்லாருக்கும் பாடம் எடுக்கற ஆளு நான்.

மனைவி: பொட்டைதானே?

டாக்டரம்மா: பொட்டைதான்.

மனைவி: எங்களோடதும் ரெண்டும் பொட்டைதான். கொண்டாந்து விடுங்கம்மா. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஏங்க, அந்தக் கடைசி வரிசையில நீளமா ஒண்ணு இருக்கே, அதை இறக்கச் சொல்லுங்க.

கணவர்: உடனே ஒண்ணா விடக் கூடாது. நடுவுல தடுப்பு வெச்சு ஒரு வாரம் முகம் பழகட்டும். தடுப்பு வைக்கற மாதிரிக் கூண்டாப் பாக்கணும்.

டாக்டரம்மா: நான் தினம் சாயங்காலம் வந்து பாக்கலாமா அக்கா?

மனைவி: வாங்க. உங்க பொண்ணைப் பாக்க நீங்க வராம வேற யாரு வருவா?

டாக்டரம்மா: இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல. போன வருஷம் ஆறு முடிச்சோம் பாருங்க அண்ணா, அதுல ஒண்ணு இது. நீங்க கை கழுவப் போன நேரத்துல கோட்டுப் பையில போட்டுக்கிட்டேன். ஆறுன்னு ரெஜிஸ்டர்ல எழுதி உங்க கையில குடுத்தப்ப உங்க முகத்தையே நான் பாக்கல. நல்ல வேளை, நீங்க கவனிக்கல.

கணவர்: அந்தப் பையைக் கட்டினது நான்தானே மேடம். அஞ்சுதான் இருந்துச்சு.