அசையாதே என்றதும் நின்ற மோட்டார் சைக்கிள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திண்டுக்கல்லில் தகரக் கொட்டகை போட்டேன், அதைப் பட்டறை ஆக்கினேன், வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன இரும்பில் மோட்டார் சைக்கிள் கட்டினேன். ஓடாது என்று சிரித்தவர்கள் அதன் புகையைக் குடித்தார்கள். அதை வாங்கிப் போனவன்தான் நேற்று வத்தலக்குண்டு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டு. என்னைக் கவனிக்கவில்லை, நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவன் பக்கத்தில் ஸ்டுடியோக்காரர். கல்யாணப் படமே எடுத்துப் பழகியவர், காய்ந்த கண்மாயில் அவன் என் வண்டியை ஓட்டிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தை முதல் தடவையாக எடுத்திருக்கிறார்.

"ஏண்ணே, பந்தயம் முடியிற கோட்டுக்கிட்ட வாரப்ப 'அசையாதே'ன்னு கத்துனீக?"

"பழக்கம்ப்பா. அதுக்கு நீ எதுக்குலே பிரேக்கைப் புடிச்ச?"

"போட்டோவுக்கு அசையக் கூடாதுல்ல! நின்னு, காலரை இழுத்துவிட்டேன். பின்னால வந்தவன் தாண்டிப் போயிட்டான்."

"படம் அம்புட்டு அழகா விழுந்திருக்கே!"

"ஜெயிச்ச படம் கொண்டாரேன்னு வத்தலக்குண்டுல பொண்ணு வீட்ல சொல்லிட்டேண்ணே. தோத்தது தெரிஞ்சா பொண்ணு தரமாட்டாக."

ஸ்டுடியோக்காரர் உறையிலிருந்து படத்தை எடுத்தார்.

"நல்லாப் பாரு அப்பு. முன்னால நீ. பின்னால வெறும் புழுதி. அதுக்குள்ள ஒருத்தன் வாரான்னு நீயா சொன்னாத்தான் தெரியும்."

அவன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அப்ப நாந்தான் ஜெயிச்சேனாண்ணே?"

"வத்தலக்குண்டு வரைக்கும் ஜெயிச்சிருக்க."

அந்த வேகத்தில் வண்டி சறுக்காமல் நின்றதால்தானே முகம் கலங்காமல் விழுந்தது? அந்த பிரேக் நான் போட்டது. கல்யாணம் நடந்தால் பத்திரிகையில் ஸ்டுடியோ பெயர் வரட்டும். அதற்கு மேலே என் பட்டறை பெயர் வந்தாக வேண்டும்.