அந்தப் பக்கத்துப் பெண் காணாமல் போனது பற்றி

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி எல்லாம் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பதுபோலச் சரி. வயது நாற்பத்தொன்று. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாலை நேரங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்து வருகிறேன். என் மகளும் அந்த அணியில் ஆடுகிறாள். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரை ரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது. பாதைக்குக் கிழக்கே எங்கள் கிளப், மேற்கே இன்னொரு கிளப். மேற்குக் கிளப்புக்குப் பயிற்சி கொடுப்பவர் இருசக்கர வண்டி மெக்கானிக். நான் அவரைத் தம்பி என்றும் அவர் என்னை அக்கா என்றும் கூப்பிடுவோம். ஆனால் இரண்டு கிளப் பெற்றோருக்கும் எப்போதும் ஆகாது. சென்ற ஆண்டு இரண்டு கிளப்பிலும் பிள்ளைகள் குறைந்து, முழு அணி இறக்க முடியாத நிலை வந்தது. ஒன்றாகச் சேர்ந்தால்தான் போட்டியில் இடம் என்று போட்டி நடத்தும் கால்பந்துச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு கிளப்பையும் இணைத்தோம். பயிற்சி எங்கள் மைதானத்தில் என்று முடிவானது. மேற்குப் பிள்ளைகள் ரயில் பாதையின் மேலே போகும் இரும்பு நடைபாலம் ஏறி வந்து போனார்கள்.

இணைத்தது காகிதத்தில்தான். பிள்ளைகள் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி தனித்தனியாகவே இருந்தார்கள். தண்ணீர் குடிக்கும்போது கிழக்குப் பிள்ளைகள் ஒரு பெஞ்சிலும் மேற்குப் பிள்ளைகள் ஒரு பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். ஆட்டத்தின்போது தன் பக்கத்துப் பிள்ளைக்கு மட்டுமே பந்து கொடுத்தார்கள். ஒரே சட்டை போட்ட இரண்டு அணிகள் ஆடுவது போல இருந்தது. முதல் ஆட்டங்களில் எல்லாம் தோற்றோம்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். எந்த நாளிலிருந்து வந்தாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வயது இருக்கலாம். ஒல்லி. தலைமுடி காதளவு. இரண்டு பெஞ்சுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருப்பாள். பொதுப் பெட்டியில் கிடக்கும் பழைய பூட்ஸைத்தான் போட்டுக்கொள்வாள். கோரைப்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தப் பருவம் முழுக்க அந்த இடத்தில் பல் முளைக்கவே இல்லை. என் தொழில் பல் என்பதால் அதைப் பார்த்தேன். அந்த வயதில் ஈறு அப்படி மூடிக்கிடக்காது. டாக்டரிடம் காட்டச் சொல்லி அவள் வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை, ஏனென்றால் அவளை மேற்குக் கிளப்புப் பெண் என்றே நினைத்திருந்தேன். நான் கடைசியாகக் கம்பிக் கதவைப் பூட்டும்போது அவள் தனியாகப் பாலம் ஏறிக்கொண்டிருப்பாள்.

மெக்கானிக்கோ அவளை எங்கள் பெண் என்று நினைத்திருந்தார். அவர் தன் பிள்ளைகளோடு வரும்போது அவள் முன்பே மைதானத்தில் இருப்பாள். அவர்களோடு அவர் திரும்பும்போதும் அவள் போகாமல் நிற்பாள். இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆட்டத்துக்கான பெயர்ப் பட்டியலை அவரவர் பக்கத்துக்கு அவரவரே எழுதிக் கொடுத்ததால், அவள் பெயர் மற்றவர் பட்டியலில் இருக்கும் என்று இருவருமே இருந்துவிட்டோம்.

பிள்ளைகளுக்கும் அவள் பெயர் தெரியாது. கிழக்குப் பிள்ளைகள் அவளை ‘அந்தப் பக்கத்துப் பொண்ணு’ என்றார்கள். மேற்குப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். நாளடைவில் அது ‘அந்தப் பக்கம்’ என்று சுருங்கி அவளுக்குப் பெயராகிவிட்டது. ஆட்டத்தில் பந்தோடு ஓடும்போது “அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!” என்று கத்துவார்கள். எதிரணிப் பிள்ளைகள் பந்து வேறு பக்கம் போகிறதென்று நினைத்து அங்கே ஓடுவார்கள். இவளோ இந்தப் பக்கமே நின்று பந்தை வாங்கிக்கொள்வாள். அப்படியே பல கோல்கள் போட்டோம். பேக்கரிக்காரர், எங்கள் கோல்கீப்பரின் அப்பா, விழுந்து விழுந்து சிரிப்பார்.

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பந்து கொடுத்தது அவளுக்கு மட்டும்தான். அவள் வாங்கி எதிர்ப்பக்கப் பிள்ளைக்குக் கொடுப்பாள். அப்படியே மெல்ல மெல்ல அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கப் பழகினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பெஞ்சு இரண்டையும் பிள்ளைகளே சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். நகரத்துப் பெரிய கிளப் ஒன்று எங்களைத் தன் கிளையாகச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. புல்தரை, நல்ல பயிற்சியாளர், வண்டி வசதி எல்லாம் கிடைக்கும் என்றார்கள். பெற்றோருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளை ஒவ்வொன்றும் பெற்றவரோடு நேரில் வர வேண்டும் என்று முன்பே சொல்லி அனுப்பிவிட்டு, பெரிய கிளப்பிலிருந்து ஓர் அம்மாள் சென்ற ஞாயிறு பிற்பகல் மைதானத்துக்கு வந்தார். மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பேசினார்.

எல்லோரும் முடிந்த பிறகு அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“இந்தக் குழந்தையோட அப்பா அம்மா யாரு?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

கிழக்குப் பெற்றோர் மேற்குப் பெற்றோரைப் பார்த்தார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர், “கல்யாணத்துக்கு வந்தவரை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டு ஆளுன்னாங்களாம், பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னாங்களாம். அந்தக் கதையால்ல இருக்கு!” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே தன் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்த அம்மாள் அவளிடம், “நீ எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார்.

அவள், “கூப்பிடுற பக்கம்” என்று சொன்னாள்.

அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைத்தது. குழந்தைக் குரல்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பேசியது போல இல்லை. சுவருக்கு அப்பாலிருந்து பேசியது போல இருந்தது. அங்கிருந்த ஒருவரும் அவளைத் தங்கள் பக்கம் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. சிறிது நேரம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, அவள் எழுந்து மைதானத்தை விட்டு நடந்தாள்.

அதன் பிறகு நான் மெக்கானிக்கிடம், “தம்பி, நீங்க வண்டியில ரயில்வே கேட் வழியா சுத்திப் போய் பாலத்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. நான் பின்னாடியே வர்றேன். எந்த வீடுன்னு பார்த்துடலாம்” என்றேன். அவர் உடனே புறப்பட்டார். நான் அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்தேன். வெயில் நன்றாக இருந்தது. பாலத்தடியில் நின்று மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். மேற்குப் படிக்கட்டின் கீழே வந்து நிற்பதாகச் சொன்னார்.

அவள் படியேறினாள். பாலத்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவலை அடித்து, மேலேயும் வலையால் மூடியிருக்கும். பறவைகூட உள்ளே நுழைய முடியாது. இறங்குவதற்குக் கிழக்கே ஒரு படிக்கட்டு, மேற்கே ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். அவள் மேலே போய்த் திரும்பிப் பாலத்துக்குள் நுழைந்ததை என் கண்ணால் பார்த்தேன். பாலத்தில் வேறு யாரும் இல்லை. பூட்ஸ் சத்தம் இரும்புத் தகட்டில் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே போனது. நான் போனைக் காதில் வைத்தபடியே, “வர்றா தம்பி, உங்க பக்கம்தான் வர்றா” என்று சொன்னேன்.

நடுப்பாலம் இருக்கும் இடத்தில் சத்தம் நின்றது. கொஞ்சம் காத்திருந்தேன். அதன் பிறகு, “வந்துட்டாளா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. யாரும் வரல” என்றார்.

நான் படியேறி ஓடினேன். அவர் மறுபக்கத்திலிருந்து ஏறி வந்தார். நடுவில் நாங்கள் இருவரும் எதிரெதிரே நின்றோம். எங்களுக்கு இடையில் ஒன்றும் இல்லை. வலையில் கிழிசல் இல்லை. கீழே தண்டவாளத்தில் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் ரயிலும் போகவில்லை. நான் சத்தம் போட்டுக் கூப்பிட நினைத்தேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாய் திறந்தபடி நின்றேன். அதன் பிறகு ரயில் நிலைய ஊழியர்களிடம் சொன்னோம். அவர்கள் பாதை நெடுகத் தேடினார்கள். எதுவும் அகப்படவில்லை. யார் பிள்ளை என்று கேட்டார்கள். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் பெற்றோர் கூடிப் பேசினார்கள். கிழக்கில் எந்த வீட்டிலும் பிள்ளை குறையவில்லை, மேற்கிலும் குறையவில்லை, அப்புறம் யாரைத் தேடுவது என்றார்கள். போலீசுக்குப் போனால் பெரிய கிளப்பின் இணைப்பு கைவிட்டுப் போகும் என்றார்கள். மெக்கானிக்கும் என்னைத் தனியே அழைத்து, “ரெண்டு கிளப்பும் இப்பத்தான்க்கா ஒண்ணா சேர்ந்திருக்கு. இல்லாத பொண்ணுக்காக இதைக் கெடுக்கணுமா?” என்றார். நான், “இல்லாத பொண்ணா? யாருப்பா நம்மளைச் சேர்த்து வச்சது?” என்று கேட்டேன். அவர் கண் என்னைப் பார்க்காமல் பாலத்தின் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

நேற்று மாலை வழக்கம்போலப் பயிற்சி நடந்தது. பிள்ளைகளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆட்டத்தில் என் மகள் பந்தோடு ஓடிவந்து, “அந்தப் பக்கம்!” என்று கத்தி, வலது ஓரத்தில் ஆள் இல்லாத இடத்துக்குப் பந்தைத் தட்டினாள். அந்த இடம் சரிவு. மைதானத்தில் எங்கிருந்து பந்து போனாலும் அங்கே நிற்காமல் மைதானத்தை ஒட்டிய வாய்க்காலுக்குத்தான் உருண்டு போகும். நேற்று பந்து அங்கே நின்றது. பிள்ளைகள் யாரும் அதற்காக ஆச்சரியப்படவில்லை. மேற்குப் பிள்ளை ஒருத்தி கோலுக்கு முன்னால் ஓடிப் போய்ப் பந்துக்காகக் காத்து நின்றாள். நான் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன். விசில் ஊதியதும் பந்து உருண்டு வாய்க்காலில் விழுந்தது.

என் மகள் அழுதாள். “ஏம்மா நிறுத்துனீங்க? வந்துட்டிருந்தாள்ல” என்றாள்.

“யாருடி?” என்றேன்.

“கூப்பிட்டா வருவாம்மா. நீங்க பெரியவங்க யாருமே கூப்பிட மாட்டேங்கறீங்க.”

இரவு முழுக்க எனக்கு உறக்கம் வரவில்லை. காலையில் வேலைக்குப் போகாமல் இங்கே வந்தேன். காணாமல் போனவளின் பெயர், பெற்றோர், வீடு எதுவும் எனக்குத் தெரியாது. புகைப்படம் இல்லை. புகார் கொடுக்க உறவுக்காரர் யாரும் வரவில்லை. அதனால் ஒரு பிள்ளை காணாமல் போகவில்லை என்று ஆகிவிடாது என்பதே நான் சொல்ல வந்தது.

மேலும் சொல்வது: இதுவரை எழுதி முடித்த நேரத்தில் மெக்கானிக் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் கிரீஸ் இருந்தது. அலுவலர் முன்னிலையில் அவர் என்னிடம் சொன்னதை, அவர் சம்மதத்தோடு இங்கே எழுதச் சொன்னேன்.

“அக்கா, அன்னிக்கு யாரும் வரலன்னு சொன்னேன்ல. ஆளு வரல, அது நிஜம். சத்தம் வந்துச்சு. படியில இறங்கி வர்ற பூட்ஸ் சத்தம். கடைசிப் படி வரைக்கும் வந்துச்சு. நீங்க போன்ல பேசிட்டிருக்கீங்க. சத்தம் கேக்குதுன்னு உங்ககிட்ட சொல்ல பயந்துட்டேன். என் பக்கத்துல வந்து நின்னுச்சு அக்கா. நிக்கிறது தெரிஞ்சுது. நான் ஏதாவது சொல்லுவேன்னு நின்ன மாதிரி இருந்துச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு என்னைத் தாண்டி எங்க தெருவுக்குள்ள நடந்து போயிருச்சு. இப்போ மூணு நாளா எங்க தெருவுல சாயங்காலமானா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் அந்தச் சத்தம் வந்து நிக்குது. எல்லாருக்கும் கேக்குது. ஒருத்தரும் கதவைத் திறக்கல.”

இதைச் சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அலுவலர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு அலுவலர், காணாமல் போனவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று கேட்டு, உறவு இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்றார். விட வேண்டாம் என்றேன். மெக்கானிக், “எங்க பொண்ணுன்னு போடுங்க சார்” என்றார். அப்படியே போடும்படி நானும் சொன்னேன். இன்று மாலை இருட்டுவதற்கு முன் நாங்கள் இருவரும் அந்தத் தெருவுக்குப் போய், பட்டறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கப் போகிறோம். காவலர் ஒருவரை உடன் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலர் இதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். தாளின் தலைப்பில், காணாமல் போனவர் என்ற இடத்தில் ‘ஒரு சிறுமி’ என்று எழுதியிருந்ததை ‘எங்கள் சிறுமி’ என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். மற்றபடி இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது, நடந்தது. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

(ஒப்பம்) கிழக்குப் பயிற்சியாளர்

சாட்சி: (ஒப்பம்) மேற்குப் பயிற்சியாளர்