பந்தலில் ஏறிய வரன்

"அலோ... அலோ... ஆமாண்ணே, பேயாண்டிதான். பிளக்ஸு கட்டுற பேயாண்டி... இட்லி தின்னுக்கிட்டு இருக்கேண்ணே. திருமங்கலம், முத்துத்தாயி கடை... சொல்லுங்க, கேக்குது."

கூப்பிட்டது வெங்கடசுப்பிரமணியன். திருநகரில் கம்ப்யூட்டர் வழியாக வரன் பார்த்துக் கொடுக்கும் கம்பெனி வைத்திருப்பவர். விளம்பரத்துக்கு அவர் அடித்த பிளக்ஸைக் கட்டினவனும் பேயாண்டிதான், போன வாரம் அவர் பதறிப்போய் அவிழ்க்கச் சொன்னபோது அவிழ்த்தவனும் அவன்தான். இடது கையில் போன், வலது கையில் சாம்பார்.

"வக்கீல் நோட்டீசா? எனக்கா?... உங்களுக்கா. சரி சரி... அந்த நாகஜோதி டீச்சரா அனுப்புனது?... ஆமாண்ணே, பிளக்ஸுல மூணாவது படம். மறுமணம்னு போட்டு, போட்டோ, பேரு, நட்சத்திரம்... நீங்கதான போடச் சொன்னீக?... குத்தம் சொல்லலண்ணே. சாம்பிளுக்குப் போட்டீக. சரி."

இந்த ஊரில் காதுகுத்துக்கும் பிளக்ஸ், கருமாதிக்கும் பிளக்ஸ். வரனுக்கு வைத்தால் மட்டும் என்ன வந்துவிடும் என்று நினைத்திருந்தார் அவர்.

"பாஸ்வேர்டு போட்டாத்தான் பாக்க முடியும்னு டீச்சருக்கு எழுதியே கொடுத்தீகளா?... பிளக்ஸுக்கு ஏதுண்ணே பாஸ்வேர்டு? மாடுகூட நின்னு பாத்துட்டுப் போகும்... சிரிக்கலண்ணே, இருமுறேன்... அவுக அண்ணனுக்குத் தெரியாமப் பதிஞ்சதா? அய்யய்ய... தெரிஞ்சா பள்ளிக்கூடத்துக்கே விடமாட்டாரா? ஆமா ஆமா, சோணைமுத்து அண்ணன் செய்வாரு. லாரி செட்டு வெச்சிருக்காரே, தெரியும்."

இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"பிளக்ஸா? அதான் அவுத்தாச்சே... வக்கீலுகிட்ட ஒப்படைக்கணுமா?... எங்கிட்ட இல்லண்ணே. விசேசம் முடிஞ்சா கட்டுனவனுக்குத்தான பிளக்ஸு, எப்பவும் அதான வழக்கம்... கொடுத்துட்டேன்... வெயிலுக்குத்தாண்ணே. இதே கடைக்குத்தான், பந்தலா. நேத்துச் சாயங்காலம் கட்டுனேன்."

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான்.

"கத்தாதீக... ரோட்டுல போறவுகளுக்குத் தெரியாதுண்ணே. வெயில்ல சாயம் போயிரும்னு எழுத்தை உள்பக்கமாத் திருப்பித்தான் கட்டிருக்கேன்... உள்பக்கம்னா... ஆமா... உக்காந்து திங்கிறவுகளுக்குத் தெரியும்."

நாற்பது வயசுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துப் பிடித்தவன். பெரிய எழுத்து என்றால் தடுமாறாமல் வாசிப்பான்.

"தெளிவா இருக்குண்ணே. நா... க... ஜோ... தி... சரி, வாசிக்கல... இப்பவேவா? கீழ ஆளுக தின்னுக்கிட்டு இருக்காகளே... அட, அவுக்குறேண்ணே. கையைக் கழுவிக்கிறேன்... ஏத்தா, ஏணி எங்க? அட, அப்பறம் சொல்றேன், எடு ஆத்தா... உங்களை இல்லண்ணே, கடைக்காரம்மாவை... வெயிலுக்கு நான் எங்க போவேங்குது... அண்ணே."

குரல் இறங்கிவிட்டது.

"மெதுவாத்தான் பேச முடியும்... வந்துட்டாரு... சோணைமுத்து அண்ணந்தான். உக்காந்துட்டாரு. இட்லி சொல்லிருக்காரு... இல்ல, இன்னும் பாக்கல. இலையத்தான் பாக்குறாரு... பாக்க மாட்டாருண்ணே, சாப்புட வந்த மனுசன் எதுக்கு மேல பாக்கப் போறாரு... தண்ணி எடுக்குறாரு."

சோணைமுத்து செம்பைத் தூக்கி, வாய் வைக்காமல், அண்ணாந்து குடித்தார்.

"பாத்துட்டாருண்ணே... தண்ணி சட்டையில ஊத்துது... எந்திரிச்சுட்டாரு... நான் என்னத்தச் சொல்ல?... டீச்சரு இந்நேரம் பள்ளிக்கூடத்துலதான் இருப்பாக. அவுக நம்பரைச் சொல்லுங்கண்ணே, வீட்டுக்குப் போகாதீகன்னு ஒரு வார்த்தை சொல்லிர்றேன்... கொடுக்கக் கூடாதா?... ரகசியமா?"

பேயாண்டி பந்தலைப் பார்த்தான், சோணைமுத்துவைப் பார்த்தான்.

"சரிண்ணே. அப்ப நீங்களே சொல்லிருங்க. சீக்கிரம் சொல்லுங்க. படத்துக்குக் கீழ கம்பெனி நம்பரு பெருசா இருக்குல்ல, அதத்தான் வாசிக்கிறாரு... செல்லை எடுத்துட்டாரு... அமுக்குறாரு... என்னண்ணே, நடுவுல இன்னொரு கால் வருதா?... அவருதாண்ணே. காதுல வெச்சுக்கிட்டு என் முன்னாலதான் நிக்கிறாரு... அலோ?... அண்ணே?..."

போன் கட்டாகிவிட்டது. சோணைமுத்து காதில் வைத்த போனோடு அவனிடம் கேட்டார், "எடுக்க மாட்டேங்கிறானே, ஆளு எங்கப்பா இருக்கான்?"