மண்டபத்து எண்ணெய்

— அப்ப இது என்ன, அண்டாவா, அடுப்பா, இல்ல ஏவுகணையா? எதுன்னு சொல்லிட்டீன்னா அதுக்குத் தக்கன சிரிச்சுக்கிருவேன்.

— கீசர் தொட்டிண்ணே. பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு. அந்தக் குழாய மிதிச்சுராத, அலசுன தண்ணி எறங்கிக்கிட்டு இருக்கு.

— கீசர். குளிக்க வென்னி வைக்கிற கீசர். அதுல டீசல் காய்ச்சுறா என் தங்கச்சி. இதக் கடையில சொன்னா பஜ்ஜி திங்க வந்தவன் பூராம் பொறையேறிச் சாவான்.

— சொல்லாமயா இருக்க? எங்க காலேஜ் மேடம் ஒருத்தவுக பஸ்ஸுல வச்சுக் கேக்குறாக, 'என்ன செல்லக்கிளி, பெட்ரோல் பங்க் எப்பத் தொறக்குற'ன்னு.

— கேப்பாகல்ல. பதினஞ்சு வருசமா லேபுல பாட்டில் கழுவுனவ, திடீர்னு நானும் விஞ்ஞானின்னு கெளம்புனா ஊரு கேக்காம என்ன செய்யும்? ஆஸ்பத்திரியில கட்டில் தொடைக்கிறவன் ஆபரேசன் பண்ணக் கெளம்புன கததான்.

— பதினஞ்சு வருசம் அங்கனயே நின்னா நாலு விசயம் காதுல விழாதா?

— விழுந்துச்சு, விழுந்துச்சு. மொதத் தடவ என்ன வந்துச்சு?

— சோப்பு.

— ரெண்டாந்தடவ?

— மோரு மாதிரி வந்துச்சு.

— சோப்பு, மோரு. ஆத்துக்குப் போயி அழுக்குத் தேச்சுக் குளிச்சுட்டு மோரக் குடிச்சுட்டு வரலாம். டீசல் எங்க?

— மொதத் தடவ அந்தப் பொரிச்சு மிஞ்சுன எண்ணெயில தண்ணி கெடந்தது எனக்குத் தெரியல, காஸ்டிக் சோடாவையும் கூடப் போட்டுட்டேன். ரெண்டாவது, அலசும்போது போட்டு உலுக்கிட்டேன். பைய அலசணுமாம். மூணாவதுக்குத் தொட்டி ஒழுகிருச்சு. நாலாவது பரவால்ல. இது ஆறாவது.

— அஞ்சாவதக் கேக்க மாட்டேன், மனசு தாங்காது. சரி, நிக்கிறதே நிக்கிறோம், ஒரு பீடியப் பத்த வச்சுட்டு...

— அண்ணே. தீப்பெட்டிய உள்ள வையி. வையின்னா வையி.

— ஏ, என்னத்துக்கு இப்பிடிப் பதறுற?

— அந்த நீலக் கேன்ல இருக்குறது எண்ணெயோட சேக்குற மெத்தனாலு. அந்த ஆவியில தீப்பிடிச்சா நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்.

— மெத்தனாலா? அடியே, கள்ளச்சாராயத்துல கலந்து ஆளச் சாகடிக்குற விசமுல்ல அது. போலீசு வந்து ஒன்னைய ஜீப்புல ஏத்துனா, இவ யாருன்னே தெரியாதும்பேன். இப்பவே சொல்லிட்டேன்.

— உரிமம் வாங்கித்தான் வச்சிருக்கேன். அதுக்கே நாலு மாசம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தேன். செவுத்துல ஒட்டிருக்கு பாரு.

— பாக்குறேன், பாக்குறேன். 'செல்லக்கிளி, கணவர் பெயர் தமிழ்மாறன், கீழக்குயில்குடி.' பாவம், மாப்ள பேரையும் இதுல கோத்து விட்டுட்ட. மனுசன் லோடு ஆட்டோவுல கத்தரிக்கா மூடையத் தூக்கிப் போட்டு இடுப்பொடிஞ்சு வீட்டுக்கு வந்தா, பொண்டாட்டி என்ன செய்யுறா? காஸ்டிக் சோடாவ நகைக்கடைத் தராசுல நிறுத்துக்கிட்டு இருக்கா. பவுனு நிறுக்குற தராசுல.

— ஒரு கிராம் கூடுனாலும் சோப்பாயிரும்ணே. அதுக்கு முன்னாடி எண்ணெயில ஒரு துளி எடுத்து, மருந்து சொட்டுச் சொட்டா விட்டுப் பாக்கணும். நெறம் மாறுறத வச்சு எண்ணெய் எம்புட்டுக் கெட்டிருக்குன்னு சொல்லிரலாம். ரொம்பக் கெட்டதுன்னா சோடா கூட வேணும்.

— எண்ணெய்க்கு ஜாதகம் பாக்குறா. வெளங்கிரும். எச்ச எண்ணெயில நல்லதென்ன, கெட்டதென்ன?

— இருக்குண்ணே.

— இருக்கும், இருக்கும். மாப்ள என்ன சொல்றாரு? அவரும் சொட்டு விடுறாரா?

— அவரும் ஒன்னைய மாதிரித்தான் சிரிச்சாரு. நாலாவது தடவைக்கப்புறம் சிரிக்கல. தோட்டத்து ஆயில் இஞ்சினுல ஊத்தினோம். முக்கா மணி நேரம் ஓடுச்சு.

— ஓடுச்சு. பெறகு?

— நின்னுருச்சு. ஃபில்டர் அடைச்சுக்கிருச்சு. கழட்டித் தொடைச்சு மாட்டுனேன், திரும்ப ஓடுச்சு. பொகையில உளுந்த வட வாசம் வந்துச்சு.

— அதச் சொல்லு. ஒந்தோட்டத்து ஆடு மாடெல்லாம் இனிமே சட்னி கேக்கும்.

— சிரிச்சது போதும், இந்தப் பாட்டிலப் பிடி. பாதி நான் காய்ச்சுனது, பாதி தண்ணி. மூடிய அமுக்கிப் பிடிச்சு நல்லாக் குலுக்கு.

— நானா?

— மாவு பெசஞ்ச கையில்ல, ஓயாது. ம், போதும், கீழ வையி. செத்த நேரத்துல தண்ணி அடியிலயும் எண்ணெய் மேலயும் தனித்தனியா நின்னா பாஸு.

— நிக்காட்டி?

— மறுபடி மோரு.

— கிளி, இங்க வா, இப்பிடி ஒக்காரு. நான் சிரிக்கிறதுக்கு மட்டும் வரல. அண்ணன் ஒண்ணு சொன்னாக் கேப்பியா? கையப் பாரு, மொழங்கை வரைக்கும் சோடா பட்டு வெந்து கெடக்கு. நாளைக்கு மூஞ்சியில தெறிச்சா? காலேஜுக்குப் போனமா, சம்பளத்த வாங்கினமான்னு இரு. இந்தக் கழுதைய மூடிரு. தொட்டிய நானே கொண்டு போயி இரும்புக் கடையில போட்டுர்றேன்.

— அந்த நாலு எண்ணெய் ட்ரம்ம?

— எந்த ட்ரம்மு?

— வந்ததுலருந்து அதத்தான பாக்குற.

— ஓ, அதுவா. அதையும் சேத்து நானே எடுத்துட்டுப் போயி எங்கிட்டாவது தள்ளிர்றேன். ஒனக்கு எதுக்கு அந்த நாத்தம்?

— எங்கிட்டுத் தள்ளுவ?

— தெரிஞ்சவன் ஒருத்தன் கேட்டான். சோப்புக் கம்பெனி வச்சிருக்கான்.

— எங்க?

— திருமங்கலத்துப் பக்கம்.

— பேரு?

— என்னடி, ஏட்டு கணக்காக் கேள்வி கேக்குற? பேரு... சங்கிலி.

— சங்கிலி ஒங்கடையில வெங்காயம் உரிக்கிற ஆளுல்ல.

— இது வேற சங்கிலி.

— அண்ணே, கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டர் விருமாண்டி எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. 'எனக்குக் குடுத்துக்கிட்டு இருந்த எண்ணெய அவளுக்கு எதுக்குத் திருப்பி விட்ட'ன்னு நீ போயி சண்டை போட்டியாம்ல.

— அந்தாளுக்கு வாயில பூட்டுக் கெடையாது. ஆமா, எடுத்தேன். அதுக்கென்ன இப்ப? பஸ் ஸ்டாப்புல சட்டி வச்சவன் எவன் எடுக்கல, சொல்லு? மண்டபத்துல மூணு தடவ காஞ்ச எண்ணெய் எங்கிட்ட வந்து நாலாவது தடவ காஞ்சா என்ன கொறைஞ்சு போச்சு?

— நாலோட நிறுத்துனியா?

— அடுப்புக்கு எண்ணத் தெரியாது. எண்ணெய் இருக்குற வரைக்கும் காயும்.

— அதத் திங்கிறது எங்க காலேஜ் பிள்ளைக. தமிழ்வாணியும் தினம் அதத்தான திங்கிறா.

— அவ எம்மக. எஞ்சட்டியில சுட்டதத் தின்னு வளந்தவ. நல்லாத்தான் இருக்கா. நீ காய்ச்சுற இந்த விசத்துக்கு எம்பஜ்ஜி எம்புட்டோ மேலு. நாகமலை புதுக்கோட்டையில எறங்கி சோணைமுத்து கடைன்னு கேளு, கண்ணு தெரியாதவன் கூட வழி காட்டுவான். அப்பிடிப்பட்ட கடை இப்ப எப்பிடிக் கெடக்குன்னு தெரியுமா? ரெண்டு மாசமா பாக்கெட்டு எண்ணெய வெட்டி வெட்டி ஊத்துறேன். வெங்காய பஜ்ஜிய நிறுத்திட்டேன். வாழைக்காயச் சீவுனா அந்தப் பக்கம் நிக்கிறவன் மூஞ்சி தெரியுது, அம்புட்டு மெலிசாச் சீவுறேன். யாரால?

— புது எண்ணெய்தான் ஊத்துறியா இப்ப?

— வேற வழி? சுத்துப்பட்டு மண்டபம் அம்புட்டையும் நீ வளைச்சுப் போட்டுட்ட. புதுக்கோட்டையில ரெண்டு, இங்கிட்டு ஒண்ணு, போதாதுன்னு ஒரு மெஸ்ஸு வேற. நான் தெரியாமத்தான் கேக்குறேன், ஒரு ஆயில் இஞ்சின் எம்புட்டுக் குடிக்கும்? ஒனக்கு இம்புட்டு எண்ணெய் என்னத்துக்கு?

— இஞ்சின் கொஞ்சந்தாண்ணே குடிக்கும்.

— பெறகு?

— பாட்டிலப் பாரு. பிரிஞ்சிருச்சு.

— நான் எதப் பேசுறேன், நீ எதப் பேசுற. பாட்டிலாம்... அட. தண்ணி கண்ணாடி கணக்காக் கெடக்கு. சரி, பிரிஞ்சிருச்சு, அதுக்கு மாலையா போடச் சொல்ற? கிளி, ரெண்டு ட்ரம்ம நீ வச்சுக்க. ரெண்ட எனக்குக் குடு. அண்ணன் வாய் விட்டுக் கேக்குறேன்.

— தர மாட்டேன்.

— மாட்டியா?

— ஒரு டம்ளர் கூடத் தர மாட்டேன்.

— அப்ப என்னைய ஊருக்குள்ள அயோக்கியனாக்கணும்னு முடிவு பண்ணிட்ட. நல்லாக் கேட்டுக்க. ஒங்க காலேஜ்லருந்துதான போன வருசம் ஒரு பொண்ணு கடை கடையா வந்து எண்ணெய வாங்கிட்டுப் போயி சோதிச்சுச்சு? பத்துக் கடையில என் எண்ணெய்தான் சுத்தம்னு தாளுல எழுதிக் குடுத்துச்சு. கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேல மாட்டிருக்கேன். படிச்ச பிள்ள சொன்னது சரியா, பாட்டில் கழுவுறவ சொல்றது சரியா?

— ஏழாம் நம்பரு.

— என்னது?

— ஒங்கடை எண்ணெய்க்கு ஏழாம் நம்பர் ஒட்டிருந்துச்சு. மொதச் சோதனையில அந்தப் பத்துலயே அதான் மோசம். சரண்யாதேவின்னு பேரு அந்தப் பிள்ளைக்கு. செவப்பு மையில ரெண்டு கோடு போட்டு வச்சிருந்துச்சு. நாளைக்கு இன்னொருக்காப் பாத்துட்டு, கடைப் பேரோட உணவுப் பாதுகாப்பு ஆபீசருக்கு எழுதி அனுப்பிருவோம்னு பேசிக்கிட்டாக. சாயங்காலம் லேபப் பூட்டுறவ நான்.

— பூட்டிட்டு வர வேண்டியதுதான?

— ஒரு பாக்கெட் எண்ணெய் வாங்கியாந்தேன். பாட்டில்ல இருந்தத வேற ஒரு டப்பாவுல கொட்டிட்டு, புதுச முன்ன இருந்த அளவுக்கே ஊத்தி அந்த எடத்துலயே வச்சேன்.

— கிளி.

— புதுச ஊத்துறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டில மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவியும் விரலு வழுக்குச்சுண்ணே. மறுநா அந்தப் பிள்ள கணக்கப் பாத்துட்டு, நான்தான் நேத்துத் தப்பாச் செஞ்சுட்டேன்னு எல்லாருக்கும் முன்னாடி அழுதுச்சு. நான் தரையத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன்.

— எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?

— எண்ணெய மாத்துண்ணேன்னு வீடு தேடி வந்து மூணு தடவ சொன்னேன். பாட்டில் கழுவுறவ பேசுறா பாருன்னு சங்கிலியக் கூப்பிட்டு வச்சுச் சிரிச்ச.

— அதுக்குத்தான் மண்டபத்துக்கே போயி எண்ணெய மறிச்சியாக்கும்?

— மண்டபத்து எண்ணெய நான் எடுக்காட்டி நீ எடுப்ப. எடுத்தத ஓடையிலயா ஊத்த முடியும்? அத என்ன செய்யலாம்னு படிச்சவுகள ஒண்ணொண்ணாக் கேட்டேன்.

— அப்ப இந்தத் தொட்டி, மெத்தனாலு, கையப் புண்ணாக்கிக்கிட்டது... எல்லாம் டீசலுக்கு இல்லையா?

— டீசல் வந்தா வந்துட்டுப் போகுது. சோணைமுத்து கடை எண்ணெய் சுத்தம்னு ஒரு பொய்ய எழுத வச்சுட்டேன்லண்ணே, அத நெசமாக்கத்தான் இந்தத் தகரத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்.