ஸ்டெப்னியில் இருந்த காற்று

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்து. முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னாள்.

“எங்கப்பா அடிச்ச காத்து இன்னும் இருக்குதுங்கக்கா.”

“அவரு தவறி வருசக்கணக்காச்சே.”

“ஆமாங்க. அன்னிலருந்து அவரு காரு கோழிப் பண்ணை ஷெட்டுலயே நின்னுது. இப்பத்தான் ஓட்டலாம்னு மெக்கானிக்கக் கூப்புட்டோம். நாலு டயரும் தரையோட ஒட்டிக் கெடந்துச்சு. டிக்கியில இருந்த ஸ்டெப்னி மட்டும் அழுத்துனா கெட்டியா இருந்துச்சு. கடைசியா அதுக்குக் கைப்பம்புல காத்தடிச்சது அப்பாதானுங்க.”

“மெக்கானிக்கு என்ன சொன்னாரு?”

“பழைய டயரு, மாத்தோணும்னு காத்தப் புடுங்கப் போனாரு. விவரத்தச் சொன்னதும் கைய எடுத்துட்டாருங்க.”

பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டியது.

“ஒருக்கா ஊட்டுக்கு வந்து அதத் தொட்டுப் பாக்கட்டுமா சாமி?” என்றாள் மூத்தவள்.