எந்தச் சாமியானாலும் சரி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உடையார்பாளையத்தில் முந்திரிக்காடு வைத்திருப்பவர். மற்றவர் அவருடைய மகனுக்கு முன்பு பாடம் எடுத்த கிறிஸ்தவ டீச்சர். முந்திரிக்காட்டு அம்மாள் திடீரென்று கேட்டார்.

“டீச்சர், எம் மவனுக்கு உங்க ஏசுவப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

டீச்சர் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். “நானா? மதம் மாத்துறேன்னு ஊர்ல பேசுவாங்கக்கா.”

“பேசட்டும். அவங்கப்பா செத்ததுலேருந்து யார்கிட்டயும் வாய் தொறக்க மாட்டேங்குறான். சாமியே இல்லைங்குறான். நம்ம மாரியாத்தாவச் சொன்னா சிரிக்குறான். எந்தச் சாமியானாலும் சரி, மனசு விட்டு அழுவ ஒண்ணு வேணுமில்ல? நீங்க சொன்னா கேப்பான்.”

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“யாராச்சும் இப்படிக் கேக்க மாட்டாங்களான்னு எத்தன வருஷமா நெனச்சிருக்கேன். இப்ப கேக்குறீங்க, என்ன சொல்றதுன்னே தெரியல. எம் பொண்ணே சென்னைக்குப் போனதுலேருந்து சர்ச்சுக்குப் போறதில்லக்கா.”

“உங்க வூட்டுலயுமா?”

“ஆமா. ஞாயித்துக்கிழமை மதியம் அவன வூட்டுக்கு அனுப்புங்க. சோறு போடுறேன். அவங்கப்பாவப் பத்திக் கேக்குறேன்.”

“அப்ப ஏசுவப் பத்திச் சொல்ல மாட்டீங்களா?”

“இதுதான் சொல்றதோ என்னமோ, எனக்கே புரியலக்கா.”

அந்த அம்மாளுக்கும் புரியவில்லை. பெரம்பலூரில் இறங்கப் போனவர் திரும்பி நின்றார்.

“அப்படின்னா மீன் வாங்கி வைங்க டீச்சர். அவன் கறி திங்க மாட்டான்.”