டமாரம் ஆயிடுச்சு

அந்த ஒரு வார்த்தைய மட்டும் உங்க பேச்சுவழக்கு அகராதிப் புஸ்தகத்துல போடாம விட்டுடுங்களேன் சார். மத்ததெல்லாம் சொன்னேன்ல? மொக்கன்னா மழுங்கின பிளேடுன்னு சொன்னேன், எழுதிக்கிட்டீங்க. அது போதாதா?

யாரு, டீ கொண்டு வர்ற அக்காவா என்னையக் கேக்கச் சொன்னாங்க? அவங்க வாய யாரால அடைக்க முடியும். சரி, உக்காருங்க. அட்டைக்கட்டு மேலயே உக்காரலாம், ஒண்ணும் ஆகாது. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே பெட்டி ஒட்டி எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு.

எது உடைஞ்சாலும் கெட்டாலும் டமாரம் ஆயிடுச்சுங்கறாங்க, அதனால கிழிஞ்ச டமாரத்துலேர்ந்து வந்திருக்கும்னு நெனைக்கிறீங்களா? ம்... கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஆளு சார். அதோ, அந்த வெட்டுற மெஷின்ல வேலை பாத்த ஆளு. சும்மாவே நிக்க மாட்டாரு. அட்டை வந்து சேர்ற வரைக்கும் மேஜை மேல பத்து விரலாலயும் தட்டிக்கிட்டே இருப்பாரு. நாங்க வேலைய விட்டுட்டுக் கேப்போம். அதான் டமாரம்னு பட்டப்பேரு.

அந்த மெஷின்ல ரெண்டு பொத்தான் இருக்கு பாருங்க, ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் கத்தி இறங்கும். கை உள்ள போயிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். ஆனா அப்படி அமுக்கி அமுக்கி எப்ப வேலைய முடிக்கிறது? ஒரு பொத்தான் அமுங்கியே இருக்கட்டும்னு அதுல அட்டைய மடிச்சுச் சொருகிடுவாங்க. எல்லாருந்தான். சூப்பர்வைசரே சொருகிக் குடுப்பாரு. அன்னைக்கு அந்த விரல் தட்டுற ஆளுக்குப் போதாத நேரம், கை உள்ள இருக்கறப்பவே கத்தி இறங்கிடுச்சு. வலது கையில ஒரு விரல்கூட மிஞ்சல.

கொஞ்ச நாள் கழிச்சு வேற மெஷின் நின்னுபோச்சு. டமாரம் ஆயிடுச்சுடான்னு எவனோ சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, பாவிப்பசங்க. கெட்ட எண்ணம்னு சொல்ல மாட்டேன். அவங்கவங்க கைய நெனைச்சுப் பயந்துபோய்ச் சிரிச்சுத் தொலைச்சாங்க. அப்புறம் அந்த வார்த்தை கம்பெனி கேட்டைத் தாண்டிப் போச்சு. இப்ப பஸ்ல, கடையில, எங்க பாத்தாலும் அதான்.

நேத்து எம்பொண்ணு செல்போனைக் கீழ போட்டுட்டா. அப்பா, டமாரம் ஆயிடுச்சுப்பான்னு ஓடி வர்றா. அதுக்கெல்லாம் அப்புறம் பொறந்தவ, வீட்ல அந்தப் பேரை யாரும் சொல்றதில்ல, அவளுக்கு என்ன தெரியும். அவரும் சிரிச்சுக்கிட்டே, குடு பாக்கலாம்னு இடது கைய நீட்டினாரு. எனக்குத்தான் அடுப்புக்கிட்ட நிக்க முடியல.

அதனால சார்... போட்டுத்தான் ஆகணும்னா, நீங்க சொன்ன கிழிஞ்ச டமாரக் கதையவே போட்டுடுங்க. எம்பொண்ணு நெறைய புஸ்தகம் படிப்பா.